பச்சை விளக்கு அறை

ஜூன் 2

என் கண்ணாடிக்காரிக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்டால் "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பாய். அதனால் கேட்கவில்லை. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

என்னை இரண்டாம் பிளாக்குக்கு மாற்றிவிட்டார்கள். பழைய இடத்தைவிடப் பரவாயில்லை, ஜன்னல் இருக்கிறது. பகலில் பைண்டிங் வேலை. ரிஜிஸ்டர்களுக்கு அட்டை ஒட்டுகிறோம். சாப்பிடும்போதும் விரலில் பசை வாசனை போவதில்லை. அறையில் என்னோடு ஒரு பெயிண்டர் இருக்கிறார். சாயங்காலமானால் சினிமாக் கதை சொல்லுவார். பாதிக்கு மேல் அவரே சேர்த்தது. ஒரே ஆளை ஒரே கதையில் இரண்டு தடவை சாகடிப்பார். கேட்டால் "அது அவனோட தம்பி" என்பார்.

எட்டு மாதம் ஓடிவிட்டது. இன்னும் இருபத்திரண்டு. நீ காலண்டரில் கோடு போடுகிறாயா? நான் போடுவதில்லை. போட்டால் ஒரு நாள் இரண்டு நாளாகிவிடுகிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சிரிக்காதே. டிவிக்குக் கீழே துண்டு சுற்றி வைத்திருக்கிறேனே, என் கேம் பெட்டி. அதை எடுத்து நீ விளையாட வேண்டும். அந்த விண்கலக் கேம்தான். நீ ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு "இதுக்கு நான் பல்லு பிடுங்கிக்கப் போவேன்" என்று சொன்னாயே, அதே கேம்.

கதை ஒன்றும் பெரிதில்லை. எங்கோ ஒரு நிலாவில் தாது தோண்டப் போன பெரிய கப்பல். முந்நூறு பேர் இருந்தார்கள், ஒருவரையும் காணோம். நீ அந்தக் கப்பலின் ரிப்பேர் வேலைக்காரி. தூங்கி எழுந்து பார்க்கிறாய், எங்கும் இருட்டு. சுவருக்குள்ளே ஏதோ நடக்கிறது. அதற்குக் கண் கிடையாது, சத்தம் கேட்டால் வரும். போகப் போக உனக்குப் பாயின்ட் கிடைக்கும். அதைக் கை, காது, மூச்சு, துணிச்சல் என்று எதில் வேண்டுமானாலும் போட்டு வளர்த்துக்கொள்ளலாம். அங்கங்கே பச்சை விளக்கு எரிகிற சின்ன அறை இருக்கும். அதற்குள் எதுவும் வராது. அங்கே உள்ள நாற்காலியில் உட்கார்ந்தால் அதுவரை ஆடினதெல்லாம் பதிவாகிவிடும்.

கப்பலின் ஆஸ்பத்திரித் தளத்தில் ஒரு கதவு இருக்கிறது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிடுகிறாள். "யாராவது இருக்கீங்களா? நான் இங்கதான் இருக்கேன்" என்று. அந்தக் கதவைத் திறக்கக் கை ஒன்பதாவது லெவலுக்கு வர வேண்டும். எனக்கு எட்டில் நின்றுபோனது. அவளைக் காப்பாற்ற முடியுமா முடியாதா என்று தெரியாமலே வந்துவிட்டேன். இங்கே படுத்தால் அந்தக் குரல்தான் ஞாபகம் வருகிறது. நீ போய்ப் பார்த்துச் சொல்.

வேறு யாரிடம் கேட்பேன்?

உன்னவன்.


ஜூன் 15

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். எட்டு மாதத்தில் முதல்தடவையாக என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார், என்னவோ ஏதோ என்று பதறிப் படித்தால், கேம் விளையாடச் சொல்கிறீர்கள். பக்கத்து சீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

முழங்கால் இருக்கிறது. படி ஏறும்போது மட்டும் தான் இருப்பதைச் சொல்கிறது.

கடையில் வேலை கூடிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் குழந்தைகளுக்கெல்லாம் கண்ணாடி. ஒரு நாளைக்கு நாற்பது லென்ஸ் தேய்க்கிறேன். முதலாளி புது மெஷின் வாங்கி, அது தானாகவே லென்ஸின் கோணத்தைக் குறித்துவிடும் என்று பெருமையாகச் சொன்னார். மூன்றாவது நாளே மூன்று பேர் தலைவலி என்று திரும்பி வந்தார்கள். இப்போது மெஷின் குறித்ததை நான் சரிபார்க்கிறேன்.

சரி, உங்கள் கப்பலுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, வாசல் கதவையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயிலில் டிவி சரியாகத் தெரியவில்லை. தெரியாதவரை நல்லது என்று விட்டுவிட்டேன். உங்கள் ஆட்டத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று "புதிய ஆட்டம்" என்பதை அழுத்தினேன். முதல் கால்மணி நேரம் அந்த ரிப்பேர்க்காரியைச் சுவரில் முட்டிக்கொண்டே நிற்க வைத்தேன். எந்தப் பொத்தான் நடக்க, எந்தப் பொத்தான் பார்க்க என்று பிடிபடவில்லை. பிடிபட்ட நேரத்தில் சுவருக்குள்ளே அது நடந்தது.

கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே நின்றுகொண்டு தேநீர் போட்டேன். குடித்துவிட்டு வந்து பார்த்தால், பாவம், நான் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், செத்தும் போகவில்லை. சத்தமே போடாமல் நின்றதால் அது போய்விட்டது போலிருக்கிறது. பயந்து ஓடினதே நல்லதாகிவிட்டது.

கிடைத்த பாயின்டையெல்லாம் காதில் போட்டேன். வருவது தெரிந்தால் ஒளிந்துகொள்ளலாம் அல்லவா.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. மெக்கானிக் அண்ணனைப் பார்த்தேன். ஒர்க்ஷாப் போர்டைக் கழற்றிவிட்டார்கள். லைசென்ஸ் திரும்பக் கிடைக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆகுமாம். முக்கில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். அவர் மனைவி என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் அந்தப் பிரேக்கை ஒழுங்காகப் பார்த்திருந்தால் நீங்கள் இங்கே இருந்திருப்பீர்கள், உங்கள் வேனில் வந்த பேக்கிங் அக்காவும் உயிரோடு இருந்திருப்பார். அதை நினைத்தால் பாவம் பார்க்கிற மனசு பாதியில் நின்றுவிடுகிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கண்ணாடிக்காரி.


ஜூன் 28

என் கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதத்தைப் பெயிண்டருக்குப் படித்துக் காட்டினேன். நீ அடுப்படியில் நின்று தேநீர் குடித்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். "உன் வீட்டம்மாதான்யா சரியான ஆளு" என்றார். இரண்டு நாளாக எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு அதிலும் ஒரு தம்பியைச் சேர்த்துவிடுவார்.

காதில் போட்டது நல்ல யோசனை. நான் கையில்தான் அதிகம் போட்டேன். பூட்டைத் திறப்பேன், மெஷினைச் சரிசெய்வேன், ஆனால் பின்னால் வந்து நிற்பது தெரியாது.

ஓடும்போது குனிந்து ஓடு. குழாய் சொட்டுகிற இடங்களில் நடந்தால் உன் காலடிச் சத்தம் கேட்காது. ஆக்சிஜன் டப்பாவைச் சிக்கனமாக வை.

ஆனால் நீ புது ஆட்டம் ஆரம்பித்திருக்க வேண்டியதில்லை. அது அந்தக் கதவுக்குப் போய்ச் சேரவே இரண்டு மாதமாகும். என்னுடையதைத் திற. முகப்பில் "பதிவுகள்" என்று ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் பட்டியல் வரும். அதில் என் கடைசிப் பதிவைத் திற. கெட்டுப்போகும் என்று பயப்படாதே.

மெக்கானிக் அண்ணனிடம் ஒன்றும் சொல்லிவிடாதே. கோபமாக எதுவும் பேசிவிடாதே என்று சொல்கிறேன்.

இங்கே மழை. ஜன்னல் வழியாக மண் வாசனை வருகிறது. போன வருடம் இதே மாதம் நீயும் நானும் கடை வாசலில் மழை விடட்டும் என்று ஒரு மணி நேரம் நின்றோம். அப்போது "போதும், நனைஞ்சே போயிடலாம்" என்றாய். நான்தான் வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கு முழுக்க யோசித்தேன்.

உன்னவன்.


ஜூலை 12

அன்புள்ள என்னவருக்கு,

கேளுங்கள். எனக்கு இப்போது லெவல் ஆறு. காது ஐந்து, மூச்சு மூன்று. நான்காவது தளத்தில் இருக்கிறேன். நேற்று சமையல் தளத்தில் ஒரு மேஜைக்கு அடியில் பதினோரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அது மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தது. என் வீட்டு குக்கர் விசில் அடித்தது. அதற்குக் கேட்டிருக்குமோ என்று நான் நடுங்கின நடுக்கத்தை யாராவது பார்த்திருந்தால் என்னைக் கட்டிப்போட்டிருப்பார்கள்.

வேலை விட்டு வந்ததும் முகம் கழுவி, தினம் ஒரு மணி நேரம் ஆடுகிறேன். உங்கள் பக்கத்தில்தான் உட்காருகிறேன், சோபாவில் நீங்கள் உட்கார்ந்து பள்ளமாக்கி வைத்த இடத்தில். முதலில் அந்தப் பள்ளத்துக்குள் நான் சரிந்துகொண்டே இருந்தேன், இப்போது பழகிவிட்டது. நீங்கள் விளையாடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள். நான் பக்கத்தில் இருந்து "மூச்சு விடுங்க" என்று இடித்துச் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது நானும் பிடித்துக்கொள்கிறேன். இடிக்கத்தான் ஆள் இல்லை.

பச்சை விளக்கு அறைக்குப் போனால் எழுந்துவர மனசே வருவதில்லை. அந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டு நானும் சும்மா இருப்பேன். உள்ளே வராது, வராது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். இந்த வீட்டில் அப்படி ஒரு இடம் இருந்தால் தேவலை.

நீங்கள் சொன்ன மாதிரி உங்களுடையதைத் திறக்கவில்லை. அது எனக்கு இஷ்டமில்லை. நீங்கள் விட்ட இடம் விட்டபடி இருக்கட்டும். நீங்களே வந்து, இந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து, அங்கிருந்து தொடருங்கள். நான் ஆடிக் கலைத்துவிட்டால், நீங்கள் வரும்போது உங்களுக்கு என்று இங்கே என்ன மிச்சம் இருக்கும்? உங்கள் சட்டைகளையும் நான் இடம் மாற்றவில்லை. அந்தக் கதவுக்கு நானே போய்ச் சேருகிறேன். மெதுவாகத்தான் போவேன், போய்ச் சேர்ந்துவிடுவேன்.

போன சந்திப்பில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தீர்கள். அப்புறம் "பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்று கேட்டீர்கள். ஏழு மணி நேரம் திரும்பி வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். என்ன சொல்ல வந்தீர்கள்?

அந்தக் கண்ணாடியில் எத்தனை கீறல் தெரியுமா. எண்பது எண்ணினேன். என்னிடம் கொடுத்தால் ஒரே நாளில் தேய்த்துக் கொடுத்துவிடுவேன்.

உங்கள் கண்ணாடிக்காரி.


ஜூலை 25

என் கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பெயிண்டருக்குப் படித்துக் காட்டவில்லை.

எனக்காக எதையும் விட்டுவைக்காதே. என்னுடையதைத் திற. பட்டியலில் இரண்டாவது வரி. திறப்பதற்கு முன்னால் அந்த வரியை முழுசாகப் படி.

இதற்குமேல் இப்போது எழுத வரவில்லை.

உன்னவன்.


ஆகஸ்ட் 4

திறந்தேன்.

முதல் வரி என்னுடையது. இரண்டாவது வரி உங்களுடையது. "ஆஸ்பத்திரித் தளம், பச்சை அறை. லெவல் 19. அக்டோபர் 14, காலை 4.52."

லென்ஸில் ஒரு டிகிரி பிசகினாலும் எனக்குத் தெரியும். இந்த வரியை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் விளங்கவில்லை. அதற்குக் கீழே இருந்ததையும் பார்த்தேன். அதே அக்டோபர் 14, காலை 3.10. அதற்கும் கீழே 1.35. அதற்கும் கீழே 13, இரவு 11.40. அப்புறம்தான் விளங்கியது.

ஐந்து மணிக்கு நான் உங்களை எழுப்பினேன். தோளைத் தொட்டு எழுப்பினேன். நீங்கள் தூங்குகிற மாதிரி கிடந்தீர்கள். ஐந்தரைக்கு வேன் எடுத்தீர்கள். ஆறு இருபதுக்கு அந்த இறக்கத்தில் வேன் கவிழ்ந்தது. கண் சிவந்திருக்கிறதே என்று கேட்டதற்குத் தூசி என்றீர்கள். தேநீர் இன்னொரு டம்ளர் கேட்டீர்கள். இதையெல்லாம் நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன், கடைசியாக நம் வீட்டில் நாம் இருந்த காலை என்று.

கோர்ட்டில் நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்தில்தானே நின்றீர்கள். "பத்து மணிக்குப் படுத்தார். நல்லாத் தூங்கினார். காலையில நான்தான் எழுப்பினேன்." தலைவலி மாத்திரை போட்டுப் படுத்தால் எனக்கு உலகமே தெரியாது என்று நீங்களே கேலி செய்வீர்கள். அப்படியிருந்தும் சொன்னேன், நிச்சயமாகச் சொன்னேன். வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தூங்கி எழுந்த டிரைவர், தேய்ந்த பிரேக் என்று நீதிபதி எழுதினார். உங்களுக்குத் தண்டனை குறைந்தது. மெக்கானிக் அண்ணனுக்குப் போர்டு போனது.

இந்தக் கடிதத்தை அங்கே ஒருவர் படித்த பிறகுதான் உங்களிடம் கொடுப்பார் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். படிக்கட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். அன்றைக்கு என்ன நடந்தது?


ஆகஸ்ட் 16

உனக்கு,

நான் தூங்கிவிட்டேன்.

இதை எழுத இவ்வளவு நாளாகியிருக்கிறது. எழுதிப் பார்த்தால் இரண்டே வார்த்தை.

நீ படுத்த பிறகு, ஒரு அரைமணி நேரம் ஆடலாம் என்று எழுந்தேன். அந்தப் பெண்ணின் குரல் கேட்ட பிறகு விட முடியவில்லை. இன்னும் ஒரு லெவல், ஒரே ஒரு லெவல் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம் இருக்கிறதே, அது தூக்கத்தை அண்டவிடாது. இப்படி விழித்திருந்தால் வேனும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். முன்பும் இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் வினை.

அன்றைக்குக் கம்பெனி வேலைக்குப் போகிற பதினான்கு பேர் வேனில் ஏறினார்கள். பேக்கிங் அக்கா எப்போதும்போல என் சீட்டுக்குப் பின்னால். பின்வரிசையில் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். பாலம் தாண்டினதும் தோளுக்கு மேலே கை நீட்டி ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தார். "தம்பி, தூக்கமா?" என்றார். "இல்லக்கா" என்றேன். "வாயில போட்டுக்க, கண்ணு திறக்கும்" என்றார். போட்டுக்கொண்டேன். நான்கு நிமிடம் இருக்கும். கண் விழித்தபோது மிட்டாய் வாயில் கரையாமல் இருந்தது. வேன் பக்கவாட்டில் கிடந்தது.

நான் பிரேக்கை மிதிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் "பிரேக் பிடிக்கலையா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அப்போது எனக்கே தெரியாது. அவர் ஆமாம் என்று எழுதிக்கொண்டார். மறுநாள் வண்டியைச் சோதித்தவர்கள் ஒரு சக்கரத்தில் பிரேக் லைனிங் தேய்ந்திருக்கிறது என்றார்கள். வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். நீ கூண்டில் ஏறிச் சொன்னாய். எல்லாரும் சொல்லச் சொல்ல, பிரேக் பிடிக்கவில்லை என்று நானே நம்பிவிடுவேன் போல இருந்தது. நம்பவும் முடியவில்லை.

ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்லத்தான் வந்தேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெட்டிக்குள் நேரம் பதிவாகி இருக்கிறது, நீ திறந்தால் நீயே பார்த்துவிடுவாய் என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் இருக்கிற பெண்ணைப் பற்றிக் கேட்டதும் பொய்யில்லை. ஆனால் அதற்காக மட்டும் கேட்கவில்லை.

உன்னவன் என்று எழுதலாமா தெரியவில்லை.


ஆகஸ்ட் 27

உங்கள் கடிதம் வந்தது.

நீங்கள் சொல்லவில்லை. என்னைப் பார்க்க வைத்தீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடி, என் மடியில் இறக்கியிருக்கிறீர்கள். இரண்டு மாதமாக நான் எதை விளையாட்டு என்று நினைத்து உங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தேனோ, அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. பத்து மாதம் அந்த மனுஷனை எதிரில் பார்த்தும் பார்க்காமல் போனேனே, அதற்கு உங்கள்மேல் வருகிறது.

எனக்குச் சொன்னால் போதாது. ஆகவே போனேன்.

மெக்கானிக் அண்ணன் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"உக்காரும்மா."

"உக்காரலை. நின்னுக்கிட்டே சொல்லிடறேன்."

சொன்னேன். கேம் பெட்டி, நேரம், உங்கள் கடிதம், எல்லாம். கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கை பூராவும் கிரீஸ்.

"அப்ப அவன் பிரேக்கே போடலையா?" என்றார்.

"போடலைன்னு எழுதியிருக்கார்."

கொஞ்ச நேரம் சக்கரத்தைச் சும்மா சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து மாசமா ஒரு நட்டு முடுக்கினா மூணு தடவை திரும்பிப் பார்க்கிறேன்மா. என் கையை நானே நம்பறதில்லை. பஞ்சர் ஒட்டிட்டு, அந்தப் பிள்ளை முக்கு திரும்பற வரைக்கும் பார்த்துக்கிட்டு நிப்பேன்" என்றார். அப்புறம், "கோபம் வரணும் இல்ல? எனக்குத் தூக்கம்தான் வருது. இப்படியே கவுந்து படுக்கணும் போல இருக்கு" என்றார்.

அவர் மனைவி உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வந்து என் முகத்தைப் பார்த்து, "இதை எங்ககிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க" என்றாள். பத்து மாதமாக என்னிடம் பேசாதவள் பேசினது அது. நியாயம்தான்.

நான் சொன்ன சாட்சியைத் திருத்தச் சொல்லி கோர்ட்டில் மனு கொடுத்துவிட்டேன். ஒன்பதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். உங்கள் பங்கை நான் எழுத மாட்டேன். உங்கள் கையால் நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். தண்டனை கூடும் என்று வக்கீல் சொல்கிறார். தெரிந்துதான் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், கடன் வைக்க வேண்டாம். உங்கள் பதிவிலிருந்து ஆடினேன். கை ஒன்பதாவது லெவலுக்கு வந்தது, கதவைத் திறந்தேன். உள்ளே யாருமில்லை. ஒரு ஒலிப்பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நாம் கப்பலில் கண் விழிப்பதற்கு முன்னாலேயே செத்துப்போய்விட்டாள். அணைக்கப் பொத்தான் இருந்தது. அணைத்துவிட்டு வந்தேன்.

இந்த மாதம் சந்திப்புக்கு வரமாட்டேன்.


செப்டம்பர் 10

உனக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் தேதி. நான்கு பக்கம் வந்தது. நம் கடிதங்களைப் படிக்கிற அதிகாரியிடம்தான் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "போன மாசமே எதிர்பார்த்தேன்" என்றார். சீல் வைத்து ரசீது கொடுத்தார்.

பெயிண்டருக்கும் சொன்னேன். அன்றைக்குச் சினிமாக் கதை சொல்லவில்லை. மறுநாள் கதையில் யாரையும் சாகடிக்கவில்லை.

ஒன்பதாம் தேதி நீ கோர்ட்டில் நின்றிருப்பாய். நாள் முழுக்க உன் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. பசை ஆறிப்போய் மூன்று அட்டை கோணலாகிவிட்டது. உன்னை ஒன்றும் செய்துவிடவில்லையே? அதை மட்டும் எழுது. ஒரு வரி போதும். தபால் அட்டையில் எழுதிப் போட்டாலும் போதும்.

அந்த மழை நாளில் நனைந்தே போயிருக்கலாம்.

நான்.


அக்டோபர் 19

உனக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது, உன்னை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள் என்று. தெரியாமல் சொன்ன சாட்சி என்று நீதிபதி ஏற்றுக்கொண்டாராம். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

எனக்கு இன்னும் பதினெட்டு மாதம் கூட்டியிருக்கிறார்கள். விசாரணையில் நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தாய். மெக்கானிக் அண்ணன் பார்த்தார். தலையை லேசாக அசைத்தார். மன்னித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிடும் என்று கேள்விப்பட்டேன்.

பதினான்காம் தேதி பேக்கிங் அக்கா போய் ஒரு வருடம் ஆனது. காலை ஆறு இருபதுக்கு எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை கடிதம் கொடுக்கும் நாள். பெயர் கூப்பிடும்போது நானும் எழுந்து நிற்கிறேன். கூப்பிட்டு முடித்ததும் உட்காருகிறேன். நீ எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு வழியில்லை. எழுந்து நிற்பதை மட்டும் விட முடியவில்லை.

நான்.


நவம்பர் 11

அன்புள்ளவருக்கு,

உங்களுக்கு ஏழு கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றில் திட்டினேன். இரண்டில் இனிமேல் எழுத வேண்டாம் என்று எழுதினேன். மற்ற இரண்டில் என்ன எழுதினேன் என்று சொல்லமாட்டேன்.

விசாரணை முடிந்து படி இறங்கும்போது பேக்கிங் அக்காவின் கணவர் என்னை நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். "உங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததுல, அவ கடைசியாப் பேசினது இருக்காமே. என்ன அது?" என்று கேட்டார். ஒரு வருடமாக அவருக்கு அது தெரியாது. மிட்டாய் கொடுத்ததையும், "கண்ணு திறக்கும்" என்று சொன்னதையும் சொன்னேன். "எல்லாருக்கும் குடுப்பா. பை நிறைய வச்சிருப்பா" என்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். நானும் நின்றேன். போகும்போது "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் வீடு வரும் வரை அழுதேன்.

மெக்கானிக் அண்ணன் கடையைத் திறந்துவிட்டார். என்னிடம் பேசுகிறார், அளவாக. அவர் மனைவி பேசுவதில்லை, ஆனால் எதிர்ப்பக்கம் போவதில்லை.

கேம் பெட்டியைத் துண்டில் சுற்றி பரண்மேல் போட்டுவிட்டேன். அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அதற்குள் இருந்ததெல்லாம் என்னைத் துரத்தினாலும் நேரத்தை மாற்றிச் சொல்லவில்லை. சோபாவின் பள்ளத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை. தலையணையைப் போட்டு நிரப்பிப் பார்த்தேன், இரண்டு நாளில் எடுத்துவிட்டேன்.

உங்கள்மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் எழுந்ததும் அதுதான் முதலில் எழுகிறது. கடைக்குப் போய் நாற்பது லென்ஸ் தேய்த்துவிட்டு வந்தால் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. சாயங்காலம் வேறொன்று வந்து உட்காருகிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நான் இன்னும் நிமிர்ந்து பார்க்கிறேன். அது நீங்களாக இருக்காது என்று நன்றாகத் தெரியும். மூன்று வருடத்துக்கு இருக்காது.

நேற்று அரைநாள் லீவு போட்டு, நம் ஊர் ஆபீஸிலேயே சந்திப்புக்கான விண்ணப்பம் வாங்கப் போனேன். தண்டனை மாறியதால் புதிதாக எழுதித் தர வேண்டுமாம். பெயர், விலாசம் எல்லாம் எழுதிவிட்டேன். "கைதிக்கு என்ன உறவு" என்று ஒரு கட்டம். அங்கே பேனா நின்றுவிட்டது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கவுன்ட்டர்காரர், "என்னம்மா, உறவு தெரியாதா?" என்றார். "தெரியும் சார், எழுதத்தான் நேரமாகுது" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஓரமாக நின்று எழுதினேன். மனைவி என்றுதான் எழுதினேன்.

இருபத்து மூன்றாம் தேதி, பதினோரு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருங்கள். ரிசீவரை எடுத்ததும் நான் பேசமாட்டேனாக இருக்கும். பத்து நிமிடமும் பேசாமலே இருந்தாலும் இருப்பேன். அதற்காக ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்.

நான்.